பாராட்டுப் பெற்றவர்களின் ஈரம்

மணற்கரைத் துறைமுகத்தில் பாராட்டுப் பெற்றவர்களின் சட்டைக் கைகளிலிருந்து கடல்நீர் வடியத் தொடங்கியது புனித வெள்ளிக்கு முந்தின வாரத்தில்தான். ஆனால் முதல் சொட்டு விழுந்தது சட்டையிலிருந்து அல்ல, ஒரு பொன்னாடையிலிருந்து. அந்தப் பொன்னாடை அப்போது ஜெயசீலியின் கையில் இருந்தது.

அவளுடைய புருஷன் லூக்காஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவன். கிரேனின் இரும்பு வடம் இழை இழையாகப் பிரிந்துகொண்டிருப்பதை போர்மேன் சேர்மத்துரை அண்ணாச்சி மேலே சொல்லிச் சொல்லிப் பார்த்தார். துறைமுகத்தின் துணைத் தலைவர் பூபதிராசன், இந்தக் கப்பல் போகட்டும், அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, கிரேனை ஓட்டும்படி உத்தரவில் கையெழுத்துப் போட்டார். வடம் அறுந்தது. சுமையும் கிரேனின் நீண்ட கைமரமும் ஓட்டுகிறவர் உட்காரும் கூண்டும் அதற்குள்ளிருந்த லூக்காஸும் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீருக்குள் போனார்கள். கூண்டு கிடைத்தது, லூக்காஸ் கிடைக்கவில்லை.

அனுதாபக் கூட்டத்தில் பூபதிராசன் பேசினார், லூக்காஸின் கடமை உணர்வைத் துறைமுகம் பாராட்டுகிறது என்று சொல்லி ஜெயசீலியின் கையில் பொன்னாடையைக் கொடுத்தார். அதை வாங்கின உடனே அதன் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டுவதை அவள் கண்டாள். சொட்டு அவள் பாதத்தில் விழுந்து, விரலிடுக்கில் ஓடி, சிமென்ட் தரையில் கோடாக நீண்டது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பும் கிரீஸும் கலந்த ருசி. வேலை முடிந்து வருகிற லூக்காஸின் கழுத்தில் இருந்த அதே ருசி அது. அவள் அழவில்லை. வீட்டுக்குப் போய் அதைக் கொடியில் போட்டாள். அது காயவில்லை. மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் அலுவலகத்துக்குப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தாள்.

அங்கே அவளுடைய வேலை இன்னது என்று சொல்லிவிட வேண்டும். துறைமுகத்தில் ஒரு டைரக்டரி சர்வர் இருந்தது. ஆட்கள், கிரேன்கள், கிட்டங்கிகள், இழுவைப் படகுகள் என்று அங்கே இருக்கிற எல்லாவற்றையும் பேர் சொல்லி வைத்திருக்கும் கம்ப்யூட்டர் அது. ஆனால் மனசுக்கு வந்ததையெல்லாம் அதில் எழுதிவிட முடியாது. ஓர் ஆளைப் பற்றி என்னென்ன சொல்லலாம், எதைச் சொல்லியே ஆக வேண்டும், ஒரு கிரேனைப் பற்றி எதைச் சொல்லாமல் விடக் கூடாது என்று யாராவது முன்கூட்டியே வகுத்துக் கொடுத்தாக வேண்டும். அந்த வகுப்புக்கு ஸ்கீமா என்று பேர். வகுத்தவள் ஜெயசீலி. துறைமுகத்துக்கென்று ஒரு வேர் எண், அதற்குப் பின்னால் புள்ளி வைத்து ஒன்று என்றால் மனிதர், இரண்டு என்றால் எந்திரம், மூன்று என்றால் இடம், மனிதருக்குள் மறுபடி புள்ளி வைத்துப் பிறப்பு, படிப்பு, பணி, விபத்து என்று கிளை கிளையாக, நாளைக்கு வரப்போகிறவற்றுக்கு நடுநடுவே காலி எண் விட்டு, வீட்டுமனை பிரிக்கிறவர் தெருவுக்கு இடம் விடுகிறதுபோல விட்டுவிட்டு அவள் அதைப் பிரித்திருந்தாள். வேறு ஊர்க்காரர்கள் வைத்த பேரோடு மோதிவிடாமல் இருக்க எல்லாப் பேரையும் துறைமுகத்தின் பேரிலேயே தொடங்கும்படி செய்திருந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி வைத்திருந்தாள். ஒன்றுக்குக் கொடுத்த எண்ணை எந்தக் காலத்திலும் இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாது. வேண்டாமென்றால் வழக்கொழிந்தது என்று குறித்து அப்படியே விட்டுவிட வேண்டும். ஏனென்றால் சர்வருக்குத் தெரிந்தது எண்தான். பேர் என்பது அந்த எண் போட்டுக்கொண்டிருக்கிற சட்டை.

லூக்காஸ் இதையெல்லாம் சோற்றுத் தட்டுக்கு முன்னால் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ எனக்கு என்னட்டி நம்பரு?" என்பான்.

"ஒங்களுக்கு நம்பர் கெடையாது. நீங்க ஆளு. ஆளப் பத்திச் சொல்லுத விஷயத்துக்குத்தான் நம்பரு."

"என்னயப் பத்திச் சொல்ல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. மீன் முள்ளத் தட்டுக்கு வெளிய போடுவாருன்னு வேணும்னா ஒரு நம்பர் வாங்கலாம்."

அன்று காலையில் அவள் சர்வரில் பார்த்தது இதுதான். மனிதர் கிளையில் விபத்து என்று அவள் பேர் வைத்திருந்த எண்ணுக்குப் பாராட்டு என்று பேர் மாறியிருந்தது. அமைச்சகத்திலிருந்து ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள், விபத்தில்லாத் துறைமுகம் என்ற கேடயத்தை எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்று பூபதிராசன் இருந்தார். விபத்து என்ற எண்ணை அழிக்கப் பார்த்திருக்கிறார். அதை நம்பி எழுதப்பட்ட பதிவுகள் இருந்ததால் சர்வர் அழிக்க விடவில்லை. புது எண் வாங்க ஜெயசீலியின் ஒப்புதல் வேண்டும், அவளோ அப்போது வீட்டில் கறுப்புச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். பேரை மட்டும் மாற்ற அவருடைய கடவுச்சொல் போதுமாயிருந்தது. ஆகவே கை போன வெல்டர்களும் கயிறு போட்டுக் கப்பலைக் கட்டும்போது கால் நசுங்கின லாஸ்கர்களும் கடலுக்குள் போன லூக்காஸும் ஒரே நொடியில் பாராட்டப்பட்டவர்கள் ஆனார்கள். துறைமுகத்தில் விபத்து என்ற ஒன்று அதற்கு முன்னாலும் நடந்ததில்லை என்று ஆயிற்று. பிற்பாடு கேடயம் வந்தது, வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள்.

ஜெயசீலி நினைத்திருந்தால் அன்றைக்கே அதைச் சரி செய்யத் தொடங்கியிருக்கலாம். அவள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். பழி வாங்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அதற்கு இப்போதைக்குச் செய்ய வேண்டியது சும்மா இருப்பதுதான் என்றும் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு துறைமுகத்தில் யாருக்கு எதற்காகப் பாராட்டுக் கொடுத்தாலும், நேரம் தவறாமைக்கோ, சிக்கனத்துக்கோ, துறைமுகத் தின விழாவில் கயிறு இழுத்ததற்கோ, அது அவரவர் பேருக்கு நேரே சர்வரில் ஏறின கணத்திலிருந்து அவருடைய சட்டைக் கைகளிலிருந்து கடல்நீர் வடிந்தது. அதிகமாக இல்லை, சரியாக மூடாத குழாயிலிருந்து வடிகிற அளவுதான். ஆனால் நிற்கவில்லை. பழைய காயக்காரர்களிடம் மட்டும் ஒரு சொட்டும் வரவில்லை, விபத்துக்குத் தன்னை ஏற்கெனவே அறிந்தவர்களைத் தொந்தரவு செய்ய விருப்பமில்லை போலும். "ரெண்டு வெரலு போனதுக்கு எனக்கு ரெண்டு பாராட்டாம்," என்று சேர்மத்துரை அண்ணாச்சி டீக்கடையில் மிச்ச விரல்களை விரித்துக் காட்டுவார். "மிச்சத்தயும் குடுத்தா தலைவராக்கிருவாவ போலிருக்கு."

இது ஏன் வருகிறது என்று ஊரில் யாரும் ரொம்ப யோசிக்கவில்லை, வந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் யோசித்தார்கள். பஸ்ஸில் பாராட்டுப் பெற்றவர்கள் படிக்கட்டுப் பக்கம் நிற்க வேண்டும் என்று கண்டக்டர்கள் தாங்களாகவே ஒரு வழக்கம் கொண்டுவந்தார்கள், மாதா கோயிலில் சாமியார் அவர்களுக்குக் கதவோரத்துப் பெஞ்சைக் காட்டினார், பள்ளிவாசல் தெரு டெய்லர் ரெக்ஸின் வைத்துத் தைத்த கையுறையைப் பாராட்டுக் கை என்று பேர் சொல்லி விற்றார், கேன்டீனில் அவர்கள் மேசைக்குக் கீழே ஆளுக்கொரு பிளாஸ்டிக் பேசின் வைத்தார்கள், பேசினில் சில நாள் கைவிரல் நீளத்துக்கு நெத்திலி கிடந்தது, அதைக் கேன்டீன்காரர் குழம்புக்கு எடுத்துக்கொண்டார். மீன் விற்கிற பெண்கள் வாளியோடு வந்து வீட்டு வாசலில் நின்று, "அண்ணாச்சி, கையக் கொஞ்சம் நீட்டிக் காட்டுங்க," என்று கேட்டு, அந்தத் தண்ணீரைக் காய்ச்சி உப்பெடுத்துக் கருவாடு போட்டார்கள், அந்தக் கருவாட்டுக்கு லேசான கிரீஸ் வாசம் இருந்தாலும் ருசி நன்றாயிருக்கிறது என்று வெளியூரிலிருந்தெல்லாம் வந்து வாங்கினார்கள். பெண் கொடுக்கிறவர்கள், மாப்பிள்ளைக்குக் குடி உண்டா, சீட்டு உண்டா என்று கேட்ட பிறகு, பாராட்டு உண்டா என்றும் தாழ்ந்த குரலில் கேட்டார்கள். ஓய்வு பெறுகிற நாளில் மேடைமேல் தார்ப்பாய் விரிப்பது முறையாயிற்று. ஈரம் கௌரவமாகவும் இருந்தது, தொல்லையாகவும் இருந்தது. இரண்டையும் ஊர் ஒன்றாகவே வைத்துப் பழகிக்கொண்டது.

பூபதிராசனுக்கு முதலில் அது பிடித்திருந்தது. அவரளவு பாராட்டு வாங்கினவர் துறைமுகத்தில் இல்லை. அதற்குக் காரணம் ஜெயசீலி. மாதம் தவறாமல் அவள் அவருடைய பேரைப் பரிந்துரைத்தாள், அருமையான இங்கிலீஷில், ஒவ்வொரு மாதமும் வேறு வேறு காரணம் சொல்லி. துறைமுகத் தலைவர் நல்ல செய்தியென்றால் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறவர். ஒவ்வொரு கையெழுத்துக்கும் பூபதிராசனின் கைகளில் நீர் இன்னும் கொஞ்சம் கூடியது. முதலில் மணிக்கட்டிலிருந்து, பிறகு முழங்கையிலிருந்து, பிறகு காலரைச் சுற்றி. அவர் கையெழுத்துப் போட்ட தாளெல்லாம் கூழாகிற்று. செருப்பில் பாசி பிடித்தது. காதுமடலுக்குப் பின்னால் சின்னச் சின்னச் சிப்பிகள் ஒட்டிக்கொண்டன, காலையில் ஷேவ் செய்யும்போது அவற்றைக் கத்தியால் சுரண்டி எடுத்தார். மெத்தை நனைந்து நாறியதால் அவர் மனைவி மதுரைக்குத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். ஜெயசீலி அவரைத் தாழ்வாரத்தில் பார்க்கும்போதெல்லாம், "வாழ்த்துகள் சார்," என்றாள். அவர் நன்றி சொல்வார். அவர் நடந்து போன ஈரத்தைத் துடைக்கிறவர்கள் துடைக்கும்வரை அவள் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த நேரம் ஒன்றில்தான் அவளுக்குப் பசித்தது.

பாராட்டு அவரை மட்டும் தேடி வரவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்த பவுலின் அக்காளுக்கும் வந்தது. லூக்காஸ் காணாமல்போன ராத்திரி முழுதும் ஜெயசீலியின் கையைப் பிடித்துக்கொண்டு கடற்கரையில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். புயல் சமயத்தில் போனை விட்டு நகராமல் இருந்ததற்காக அவளைப் பாராட்டினார்கள். ஏற்கெனவே மூச்சுக்கோளாறு உள்ளவள். ஈரச் சேலையோடு உட்கார்ந்து உட்கார்ந்து காய்ச்சல் வந்து, வற்றிப்போய், ஒருநாள் ஜெயசீலி வீட்டுக்கு வந்தாள். கொடியில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்த பொன்னாடையையும் அதற்கடியில் வைத்திருந்த அண்டாவையும் பார்த்தாள்.

"ஏட்டி சீலி, இத நிப்பாட்ட ஒனக்குத் தெரியுமில்லா?"

ஜெயசீலி காப்பி போட்டாள்.

"தெரியும். ஒன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. எனக்கு ராத்திரியில மூச்சே விட முடியலட்டி. படுத்தா கடலுக்குள்ள படுத்திருக்க மாதிரி இருக்கு."

"அவுகளும் அப்படித்தானக்கா படுத்திருக்காவ."

"அதுக்கு நான் என்ன செஞ்சேன்?"

"நீங்க ஒண்ணும் செய்யல." ஜெயசீலி காப்பியை அவள் முன்னால் வைத்தாள். "பூபதிராசன் சார் வந்து எங்கிட்டக் கேக்கட்டும். அவரு வாயால கேக்கணும். அதுவரைக்கும் என்னால ஒண்ணும் ஏலாது."

"நாஞ் செத்துப்போனா?"

"பூ வாங்கிட்டு வாரேன்."

பவுலின் அக்காள் காப்பியைக் குடித்தாள், வீணாக்குவானேன் என்று. வாசல்படியில் நின்று, "லூக்காசு இருந்தா ஒன்னய அடிச்சிருப்பான்," என்று சொல்லிவிட்டுப் போனாள். ஜெயசீலி அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஆனால் அந்த மாதப் பரிந்துரையை எழுதி முடித்துவிட்டுத்தான் படுத்தாள். இந்த முறை மூன்று காரணம் சொல்லியிருந்தாள்.

அதற்கு அடுத்த வாரம் பூபதிராசன் வந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். உதடு வெளுத்து, விரல்நுனியெல்லாம் சுருங்கி, பேசினால் வாயோரத்தில் உப்புநுரை கட்டுகிற நிலையில் இருந்தார். அவளுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார், உடனே தரை நனைந்தது.

"அம்மா, நான் அந்தப் பேரை மாத்தினேன். அதுதான் இப்படிப் பண்ணுதுன்னு நினைக்கிறேன். பழையபடியே மாத்திடுங்க."

"மாத்திரலாம் சார். மாத்தினா நீங்க வாங்கின பாராட்டெல்லாம் விபத்தாயிரும். ஒங்களுக்கு எத்தன விபத்து நடந்திருக்குன்னு வாசிக்கிறவங்க மலைச்சுப் போயிருவாங்க."

"அப்போ என்னதான் பண்றது?"

அவள் சொன்னாள். ஒரே எண்ணுக்குள் இரண்டு விஷயம் கலந்துவிட்டால் எந்தக் கம்ப்யூட்டராலும் பிரிக்க முடியாது. அந்த எண்ணை வழக்கொழிந்தது என்று குறித்துவிட வேண்டும். பாராட்டுக்கு ஒரு புது எண், விபத்துக்கு ஒரு புது எண். பிறகு ஓர் ஆள் உட்கார்ந்து ஒவ்வொரு பதிவாக எடுத்து, இது பாராட்டு, இது விபத்து என்று சொல்லிச் சொல்லி அந்தந்த இடத்தில் வைக்க வேண்டும். நடந்தது இன்னதென்று தெரிந்த ஆள்தான் அதைச் செய்ய முடியும்.

"நீங்களே செய்யுங்களேன்."

"கலந்தவரு நீங்க சார்."

அவர் சம்மதித்தார். வேறு வழியில்லை. அவள் தன் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். செய்தி எப்படியோ போய்விட்டது. சேர்மத்துரை அண்ணாச்சி வந்தார், கேன்டீனில் இருந்தவர்கள் கை கழுவாமல் வந்தார்கள், பவுலின் அக்காள் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். பூபதிராசன் வாசிக்கத் தொடங்கினார். இது பாராட்டு. இது பாராட்டு. இது விபத்து, கை. இது விபத்து, கால். அவர் விபத்து என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் அந்த அறையில் யாரோ ஒருவருடைய சட்டை உலர்ந்தது. பவுலின் அக்காள் போர்வையை விலக்கிச் சேலைத் தலைப்பைப் பிழிந்து பார்த்தாள், பிழிய ஒன்றுமில்லை. அவளுக்கு மூச்சு நீளமாக வந்தது. ஜெயசீலி அந்தப் பக்கம் திரும்பவில்லை.

கடைசியாக லூக்காஸ்.

"விபத்து," என்றார் பூபதிராசன். சர்வர் ஏற்கவில்லை. அவர் அவளைப் பார்த்தார்.

"சாவுன்னா தனி வகுப்பு சார். அதுக்குக் கட்டாயமா ஒரு பதில் வேணும். காரணமானவர் யாருன்னு. அதச் சொல்லாட்டி உள்ள விடாது."

சர்வர் தன் விதிக்கோப்புகளையெல்லாம் வாசித்த பிறகு கடைசியாக வாசித்து, முந்தின விதிகளுக்கு மேலாக அதையே ஏற்கும்படி அந்த விதியை அவள் அந்தப் புனித வெள்ளி வாரத்திலேயே எழுதி வைத்திருந்தாள், புது எண்ணும் கொடுத்து.

அவர் கடல் என்று அடித்தார். அப்படி ஒருவர் துறைமுகத்தில் இல்லை என்றது சர்வர். தலைவிதி என்று அடித்தார். அவரும் இல்லை. நீர் அவர் முகவாயிலிருந்து வடிந்து மேசைமேல் தேங்கிற்று. அவர் தலை நிமிர்ந்து சேர்மத்துரை அண்ணாச்சியைப் பார்த்தார்.

"எம்பேரப் போடப் போறீரோ? போடும்," என்றார் அண்ணாச்சி. "வடம் போச்சு வடம் போச்சுன்னு கத்தினவன் நான். போட்டுப் பாரும்."

பூபதிராசன் அதைப் போடவில்லை. சற்று யோசித்து, லூக்காஸ் என்றே போட்டார். ஜெயசீலி அந்த எழுத்துகளைக் கடைசிவரை வாசித்தாள்.

"செத்தவுக பேரு அந்த எடத்துல வராது சார். நீங்க போடுவீங்கன்னு தெரியும்."

அதற்குப் பிறகு அவர் வாய்க்குள்ளிருந்தே நீர் வரத் தொடங்கியது. மூச்சுக்குத் திணறினார். யாரும் முதுகில் தட்டிக் கொடுக்கவில்லை. பவுலின் அக்காள், "ஏட்டி," என்று ஒருதரம் சொன்னாள். ஜெயசீலி அசையவில்லை. அந்த நேரத்தில் அவர் செத்துப்போனாலும் அவள் அப்படியேதான் உட்கார்ந்திருப்பாள். பிறகு அவர் சுருங்கின விரலால், ஒவ்வோர் எழுத்தாக, தன் பேரை அடித்தார். சர்வர் ஏற்றுக்கொண்டது. நீர் நின்றது. வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டி தானாகவே உள்ளே வியர்த்து உலர்ந்ததாகப் பிற்பாடு சொன்னார்கள். காதுக்குப் பின்னாலிருந்த சிப்பிகள் மேசையில் உதிர்ந்தன. அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார், கைக்குட்டை உலர்ந்தே இருந்தது. வந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். பவுலின் அக்காள் எக்ஸ்சேஞ்சுக்குப் போனாள்.

"இது நம்ம ஆபீசுக்குள்ளயே இருக்கும் இல்லையா?" என்று கேட்டார் பூபதிராசன்.

"நம்ம சர்வர்லயும் இருக்கும். இங்க எது மாறினாலும் மத்தத் துறைமுகத்து சர்வருக்கெல்லாம் அப்பப்பவே நகல் போகும் சார். அமைச்சகத்துக்கும். அது ஒங்க ஏற்பாடுதான். கேடயத்துக்காகக் கேட்டு வாங்கினீங்க."

மேசைமேலிருந்த டெலிபோன் அடித்தது. எக்ஸ்சேஞ்சிலிருந்து பவுலின் அக்காள், வெளியூர் அழைப்பு என்று சொல்லி இணைத்தாள். எங்கோ தூரத்துத் துறைமுகத்திலிருந்து ஒரு பெண் குரல், ஜெயசீலிக்கும் கேட்கும்படி தெளிவாக, லூக்காஸ் என்று ஒருவரின் சாவுக்கு நேரே ஒரு பேர் வந்திருக்கிறது, அது யார், என்ன நடந்தது என்று கேட்டது. அவர் போனை அவள் பக்கம் நீட்டினார்.

"ஒங்களத்தான் கேக்காவ. நீங்களே சொல்லுங்க."

அவர் போனை மறுபடி காதில் வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமினார். ஜெயசீலி சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து மேசைமேல் வைத்தாள், நாற்காலியை அவருக்கு எதிரே இன்னும் கொஞ்சம் நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவளுக்கு நல்ல பசி. முழுக்கக் கேட்க நேரமும் இருந்தது.